கேட்பவர் ஒருவராகட்டும், கோப்பு இரண்டாகட்டும்: முன்னாள் படைவீரர் மனநலக் கோரிக்கைச் சாசனம்

தமிழக அரசுக்கும் ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும், முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தாரும் முன்வைப்பது:

இலங்கைக்கு 1987-இல் அனுப்பப்பட்டவர்களும், 1999-இல் கார்கிலில் நின்றவர்களும் எங்களில் இருக்கிறார்கள். சிப்பாய்களில் பலர் நாற்பது வயதுக்குள்ளேயே ஊர் திரும்புகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில், வீட்டுக்கடன் பாக்கி, கிடைப்பது செக்யூரிட்டி வேலை, அதுவும் இரவு ஷிஃப்ட். ஏற்கெனவே தூக்கம் கெட்டவருக்கு இரவு ஷிஃப்ட்! மருத்துவர் மாத்திரை எழுதலாம், வேலையை மாற்றித் தர அவரால் ஆகாது.

மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு இவர்கள் வருவதில்லை. "ஸ்பர்ஷ்ல பென்ஷன் நின்னுபோச்சு சார்" என்றுதான் வருகிறார்கள்; ஸ்பர்ஷ் என்பது பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளம். அதில் வாழ்நாள் சான்றிதழைப் பதிவேற்றிக் கொடுக்கும் நேரத்தில், கதவு அறைந்தால் பதறி எழுவதை அவர் சொல்வார். அல்லது கூட வந்த மனைவி சொல்வார். அதைக் கேட்கத் தெரிந்தவர் சான்றிதழ் பதிவேற்றித் தரும் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனநல சமூகப் பணியாளர் ஒருவரை நிரந்தரமாக நியமியுங்கள். பென்ஷன், கடன், வேலை, மருத்துவமனை எல்லாவற்றிலும் அவர் உடன் நிற்கட்டும். காகித வேலை முடிந்ததும் ஆளை வேறு அலுவலகத்துக்குத் தள்ளாதீர்கள்; அது முடிந்ததால்தான் அவருக்கு நம்பிக்கையே வந்தது.

அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் நள்ளிரவிலும் பேசலாம், நன்றி. மறுநாள் வங்கிக்குக் கூட வர அந்தக் குரலால் முடியாது.

அதே பணியாளரை உளசிகிச்சையாளராகவும் ஆக்கிச் செலவைக் குறைக்க வேண்டாம். போர் நினைவுகளை எடுத்துப் பேசவைக்கும் சிகிச்சைக்குத் தனிப் பயிற்சியும் தவறாத அமர்வுகளும் வேண்டும். அதற்கு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் பாலிகிளினிக் தரும் பரிந்துரை, சிகிச்சை முடியும்வரை செல்லுபடியாகட்டும். பேருந்துச் செலவையும் தாருங்கள்.

எங்களுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. நோய் பணியால் வந்ததா, பணியால் முற்றியதா என்று பார்த்தே ஊன ஓய்வூதியம் முடிவாகிறது. குடித்ததும் வீட்டில் கை ஓங்கியதும் அந்த ஓய்வூதியக் கோப்பில் ஏறும் என்றால் எவர் வாய் திறப்பார்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமை ஆக்கியிருக்கிறது. ஆகவே சிகிச்சைக் குறிப்பு தனிக் கோப்பில் இருக்க வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வெளியே போக வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றால் பிறரிடம் சொல்ல நேரும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கணவர் வர மறுத்தாலும் மனைவி தனியே வந்து பேச இடம் கொடுங்கள்.

இப்பணியிடங்களுக்கு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே பணம் ஒதுக்கி, முன்னாள் படைவீரர் மிகுந்த வேலூர் மாவட்டத்தில் முதல் நியமனத்தைச் செய்யுங்கள்.