ஒண்ணும் பண்ணாது சார்!

எங்கள் சுவாமிமலையில் மலை ஏறுவது ரொம்ப சுலபம். மொத்தம் 60 படி. தமிழ் வருஷத்துக்கு ஒன்று. பிரபவவில் கால் வைத்தால் மூச்சு வாங்குவதற்குள் அட்சய வந்துவிடும். அங்கே நாய்க்கு இடமில்லை. அதனால் நாய் வளர்க்கும் நண்பர்களுக்குக் காவிரிக் கரைதான் மலை, காடு எல்லாம். நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் அதே நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நாய் மேல் எனக்குப் புகார் இல்லை. நாயை அவிழ்த்து விட்டுவிட்டு, சங்கிலியை மட்டும் கையில் சுழற்றிக்கொண்டு வருகிறாரே, அந்த வாலிபர் மேல்தான். எதிரே வரும் பெரியவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதகுக் கட்டை மேல் ஏறி நிற்பார். இவர் இருபது கஜம் தள்ளி சாவகாசமாக, "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது சார்!" என்பார்.

குறுவை அறுப்பு முடிந்த வயலில் ஒருநாள் வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. நானூறு உருப்படி இருக்கும். கரையில் வந்த லாப்ரடார் ஒன்று விளையாட்டாகத்தான் உள்ளே பாய்ந்தது. ஒன்றைக்கூடக் கடிக்கவில்லை. ஆனால் கூட்டம் நாலு திசையிலும் சிதறிவிட்டது. சொந்தக்காரர் வழக்கமான வசனத்தைச் சொன்னார். வாத்துக்காரர் கோலை ஊன்றி நின்று, "உங்களுக்குத் தெரியுது தம்பி. வாத்துக்குத் தெரியணுமே!" என்றார்.

மிரண்ட வாத்து ஒழுங்காக முட்டை போடாது. அவருக்கு முட்டைதான் சம்பளம். நம் ஒன்றாம் தேதிக் கவருக்குள் யாராவது நாயை விட்டால் சும்மா இருப்போமா?

காட்டில் விஷயம் இன்னும் மோசம். காட்டெருமையைப் பார்த்துக் குரைத்த நாய் எங்கே ஓடிவரும்? எஜமானரிடம்தான், எருமையையும் அழைத்துக்கொண்டு! கடிக்கக்கூட வேண்டாம், தும்மினாலே போதும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் செத்துப்போயின. ஊர் நாய்களிடமிருந்து பரவிய டிஸ்டெம்பர் நோய்தான் காரணம். 2018-ல் நம் குஜராத் கிர் காட்டிலும் அதே வைரஸ் சிங்கங்களைக் கொன்றது. இத்தனைக்கும் நாய்க்கு அந்த நோய் வராமல் தடுக்க ஊசி இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு. வளர்ப்புப் பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இப்போதெல்லாம் 'ஒண்ணும் பண்ணாது' என்கிறவரிடம், "கடைசியா ஊசி போட்ட தேதி என்ன சார்?" என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் சொல்லும் பதில்: "அதெல்லாம் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்!"