வீ-பக்ஸை யூரோவில எண்ணுங்கோ

பொலிதேயாமாப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமாரே, ஃபோர்ட்நைட்டில ஸ்கின் வாங்கிறது பிழையெண்டு சொல்ல வரேல்ல. அதால சூடு திறமாப் படாது, வெறும் உடுப்புத்தான். உடுப்பில ஆசை ஆருக்கில்லை?

விலையை மறைக்கிறதுதான் பிழை. யூரோ வீ-பக்ஸா மாறினதும், அம்மா எத்தனை மணித்தியாலம் வீடு துடைச்ச காசெண்டு தெரியாமப் போகுது. முந்தி பக்கத்தில நேரமும் ஓடி அவசரப்படுத்திச்சுது. பிள்ளைகளை இப்பிடி நெருக்கினதுக்காக, 2024இல் நெதர்லாந்து நுகர்வோர் ஆணையம் எபிக் நிறுவனத்துக்கு 11 லட்சம் யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது. விளையாட்டுக்குள்ள விற்கிற பொருளுக்கு உண்மைக் காசிலும் விலை காட்டவேணும் என்று 2025 மார்ச்சில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் சொல்லின.

எல்லாரும் காட்டும்வரை நீங்களே யூரோவில கணக்குப் பாருங்கோ. ஒரு இரவு பொறுங்கோ. விடிஞ்சும் ஆசை இருந்தா வாங்குங்கோ.