அளவுகோலை மாற்றினர், இழப்பை அளந்தவர் யார்?

கொரோனா என்னும் மகுடைத் தொற்று பரவிய 2020-இல், தமிழ்நாட்டரசு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது. உயிர்காக்கும் நோக்கில் அது செய்யத்தக்கதே. ஆனால், தேர்வின் இடத்தில் வைத்த அளவுகோல் யார் தலையில் சுமையை ஏற்றியது என்பதைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு நூற்றுக்கு 80. வருகைப் பதிவுக்கு 20. இதுவே அவ்வாண்டுக் கணக்கு. 9 இலக்கத்துக்கு மேற்பட்ட மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றனர். ஆனால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் போலும் சிற்றூர்களில், நடவுக்கும் அறுவடைக்கும் பெற்றோர்க்குக் கைகொடுத்துப் பள்ளிக்கு வாராத பிள்ளைக்கு, உழைத்த நாள்களே மதிப்பெண் இழப்பாயின. அரையாண்டில் தளர்ந்தும், கடைசி மூன்று திங்களில் ஊன்றிப் படித்து முந்தும் பிள்ளைகள் எத்துணைப் பேர்! அம் மூன்று திங்களை அவ்வளவுகோல் கண்டுகொள்ளவே இல்லை.

2021-இல் பன்னிரண்டாம் வகுப்பினர்க்கு வந்த கணக்கோ, 2019-இல் அவர்கள் எழுதிய பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30. பதினைந்து அகவையில் இடறியவன் பதினேழில் எழுந்து நின்றதைக் காட்ட வழியே இல்லை. பத்தாம் வகுப்பினர்க்கோ சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை. ஊரார் அவர்க்குச் சூட்டிய பெயர் 'ஆல் பாஸ்'! ஏளனத்துக்கும் ஆங்கிலந்தான் வேண்டியிருந்தது நம்மவர்க்கு.

நடுவணரசின் 'நீட்' தேர்வோ 2020 செப்டம்பர் 13-இலும், 2021 செப்டம்பர் 12-இலும் நடந்தே தீர்ந்தது. நம் பாடத்தில் நாம் நடத்தும் தேர்வு நின்றது. நம்மேல் சுமத்திய தேர்வு நிற்கவில்லை. பணங்கட்டிப் பயிற்சி பெற்றவனுக்கு என்ன இழப்பு?

திருமுக்கூடலில் உள்ள 11-ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, ஆங்குப் பள்ளியும் மாணவர் உறையுளும் 15 படுக்கை கொண்ட மருத்துவச் சாலையும் ஒருங்கிருந்தமையைச் சொல்கிறது. ஓதப்பட்டவை வேதமும் வடமொழி இலக்கணமும் என்பது வேறு குறை. எனினும், உடலைக் காப்பதும் கல்வியைக் காப்பதும் ஒருங்கே இயலும் என்பதற்கு அக்கல்லே சான்று.

இனியொரு தொற்று வாராதென யார் சொல்வார்? ஆண்டு முழுதும் பிள்ளை தன் கையால் தமிழில் எழுதியதை ஆசிரியர் படித்து, திங்கள்தோறும் பதிந்து வைக்கும் முறை பள்ளிதோறும் வேண்டும். அஃதிருப்பின், தேர்வு நின்றாலும் பிள்ளையின் உழைப்பு நிற்காது. அதனைத் தமிழ்நாட்டரசு இன்றே செய்க! செய்யுமாறு தமிழர் கேட்க!