பழைய பைத்தானுக்கு 'டாட்டா': விண்டோஸ் 7 லேப்டாப்பில் படிக்கிறவங்க என்ன செய்வது?

பனமலை மாதிரி ஒரு கிராமத்தில், அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் பிளஸ் 2 மாணவர் ஒருவர் பைத்தான் படிக்க உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய பைத்தானை டவுன்லோடு செய்தால், இன்ஸ்டால் ஆகாது. கோளாறு லேப்டாப்பில் இல்லை.

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், ஆரம்பத்தில் வந்தவை விண்டோஸ் 7-உடன் பாஸ் லினக்ஸும் கொண்டவை. பைத்தான் 3.9 வந்த 2020 அக்டோபரிலேயே விண்டோஸ் 7-க்கு கதவு சாத்தியாச்சு. அதில் ஓடும் கடைசி பதிப்பு 3.8. அதற்கும் 2024 அக்டோபரோடு பாதுகாப்பு திருத்தங்கள் நின்றுவிட்டன.

ஏன் இப்படி?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் தனியாக சோதித்து, தனியாக திருத்த வேண்டும். பைத்தான் 2-ஐ 2015-லேயே நிறுத்துவதாக இருந்தது. பலர் மாறாததால் 2020 ஜனவரி 1 வரை தள்ளிப்போட்டார்கள். இப்போது ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுதான் ஆயுள்.

தமிழுக்கு இந்த மாற்றம் லாபம்தான். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், பைத்தான் 2 சாதாரணமாக 15 என்று சொல்லும், அதாவது பைட் கணக்கு. பைத்தான் 3 சொல்வது 5. புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. நம்ம கணக்கில் மூன்று எழுத்து. அந்த மூன்றைச் சரியாகப் பிரித்துத் தரத்தான் 'ஓப்பன்-தமிழ்' போன்ற நூலகங்கள். அதைப் பராமரிப்பவர்கள் பைத்தான் 2, 3 இரண்டுக்கும் சேர்த்தே வெகுகாலம் எழுத வேண்டியிருந்தது.

பிளஸ் 2 பாடத்துக்கு 3.8 தாராளமாகப் போதும். பரீட்சைக்காக யாரும் பதற வேண்டாம். ஆனால் டேட்டா சயின்ஸ் பக்கம் போனால் இடிக்கும். நம்பை 1.24-உம் பாண்டாஸ் 2.0-உம்தான் 3.8-ல் ஓடும் கடைசி வரிசைகள். புதிய பாடங்களில் வரும் கட்டளை சில நேரம் வேலை செய்யாது. புதுசா படிக்கிறவங்க தப்பு தங்களுடையது என்றே நினைப்பார்கள்.

வழி என்ன?

64 பிட் ப்ராசஸர் இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் 13 போடலாம். கூடவே பைத்தான் 3.13 வந்துவிடும். மெமரி குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுங்க. போடும் முன் போட்டோ, ஃபைல்களை பென் டிரைவில் எடுத்து வைப்பது கட்டாயம். தனியாகச் செய்யத் தயக்கம் இருந்தால், கிராமப்புற மாணவர்களுக்கு கட்டற்ற மென்பொருள் சொல்லித்தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவிடம் கேட்கலாம்.