பெலாரஸுக்குக் கண்ணீர், வெண்மணிக்கு?

எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ'யைத் தாம்பரத்தில் தோழர்களோடு பார்த்தேன். நாஜிகள் ஒரு கிராமத்தையே கொட்டகைக்குள் அடைத்துக் கொளுத்துகிறார்கள். பெலாரஸில் இப்படி 628 கிராமங்கள் மக்களோடு எரிக்கப்பட்டன என்கிறது படம். எல்லோரும் கலங்கினார்கள். கலங்கத்தான் வேண்டும்.

போர் முடிந்து 40 ஆண்டு கழித்து, 1985இல் வந்த படம் அது. பழைய காயத்தைக் கிளறுகிறது என்று யாரும் சொல்வதில்லை. 1995 கொடியங்குளத்தை நினைவூட்டும் 'கர்ணன்' 2021இல் வந்தால் மட்டும் 'சாதிப் படம்' ஆகிவிடுகிறது.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி: ஒரே குடிசையில் 44 பேரை எரித்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் பண்ணையார்களை விடுவித்தது. பெலாரஸில் கொளுத்தியது அந்நியப் படை. இங்கே உள்ளூர் ஆதிக்கச் சாதி. உங்கள் ரசனை தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சோவியத் சினிமாவைக் கொண்டாடுங்கள். அந்தக் கண்ணீரில் பாதியையாவது சேரிக்கும் கொடுங்கள்.