சுவரில் யார் படம்?

டிவியை அணைத்தால் கருப்புத் திரை தெரிகிறது, அது வரவேற்பறையின் அழகைக் கெடுக்கிறது என்று சிலருக்குக் கவலை. அவர்களுக்காகவே சாம்சங் நிறுவனம் 2017இல் ‘தி ஃபிரேம்’ என்ற டிவியைக் கொண்டுவந்தது. அணைத்ததும் திரையில் ஓர் ஓவியம் வந்து நிற்கும். சுற்றிலும் மரச்சட்டம் போன்ற விளிம்பு. அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஓவியத்தின் ஒளி கூடும், குறையும். மாதச் சந்தா கட்டினால் உலகப் பெரும் அருங்காட்சியகங்களின் ஓவியங்கள் கிடைக்கும். ஹைசென்ஸ், டிசிஎல் நிறுவனங்களும் இதே பாதையில் இறங்கிவிட்டன. டிவி இருக்க வேண்டும், ஆனால் இருப்பது தெரியக் கூடாது. இதுதான் இப்போதைய உயர்ரசனை.

பணக்காரர் ஆடம்பரம், நமக்கென்ன என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது தோழர்களே. ஒரு பொருளை மறைத்து வைப்பது அழகு என்று யாருக்குத் தோன்றும்? அது இல்லாததற்காக ஒருநாளும் அவமானப்படாதவருக்குத்தான்.

சாத்தூர் பக்கம் ஒரு காலனியில் பட்டாசு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் எங்களிடம் சொன்னார்: “வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பாக்க ஊருக்குள்ள போவோம். ஜன்னலுக்கு வெளியதான் நிக்கணும். அவுக சாப்பிட உக்காந்தா ஜன்னல சாத்திப்புடுவாக.” இன்று அவர் வீட்டில் டிவி வாசலுக்கு நேராக இருக்கிறது. தெருவில் போகிறவருக்கும் தெரியும். அதை மறைக்க வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது?

2006 தேர்தலில் திமுக இலவச கலர் டிவி தருவதாக வாக்களித்தது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் வழங்கப்பட்டன. ‘இலவசம்’ என்று கேலி செய்தவர்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றதில்லை. திட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்களிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

அந்த டிவியை நாம் கொண்டாடித் தீர்க்கவும் முடியாது. அதே தேர்தல் அறிக்கை நிலமற்றவர்களுக்கு 2 ஏக்கர் நிலம் என்றும் சொன்னது. டிவி வந்த வேகத்தில் நிலம் வரவில்லை. 1892இல் நம் முன்னோருக்கு என்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தை இன்றும் மனுவும் கையுமாக மீட்க அலைகிறோம்.

சரி, டிவிக்குப் பக்கத்துச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறது? அதைப் பேச நம் மாவட்டத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை. கோயில் நுழைவு உரிமை கேட்ட நாடார்கள் மீது 1899 ஜூன் 6 அன்று சிவகாசியில் பெரும் தாக்குதல் நடந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு உறை வேண்டும் என்று அச்சகங்கள் பெருகின. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போயின. கோயில் வாசலில் நம்மைத் தடுத்தார்கள், சாமியோ காலண்டரில் ஏறி நம் வீட்டுக்கே வந்தது.

ஆனால் ஒருகாலத்தில் வாசலில் தடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து முதலாளிகள் எழுந்த பிறகும், அச்சகத்திலும் பட்டாசு ஆலையிலும் கூலிக்கு நிற்பவர்களில் நம் மக்கள் ஏராளம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் குறைந்தது 38 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் வெடிவிபத்துகள் நிற்கவில்லை. நாங்கள் போகும் வீடுகளில் டிவிக்கு மேலே மாலை போட்ட படமும் சீரோ வாட் பல்பும் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் கோட்டு போட்ட அண்ணல் அம்பேத்கர். இந்தச் சுவருக்கு எந்த அருங்காட்சியகத்தின் சந்தாவும் தேவையில்லை.

சுவரில் படம் மாட்டுவது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் 2023 ஜூலையை நினைத்துப் பார்க்கட்டும். நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்கள் மட்டுமே இருக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சுற்றறிக்கை போனது. அரசியலமைப்பை எழுதியவரின் படத்துக்கு நீதிமன்றச் சுவரில் இடமில்லையா என்று வழக்கறிஞர்கள் போராடினார்கள். பிறகு சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்தார், எந்தத் தலைவர் படமும் அகற்றப்படாது என்ற அறிவிப்பு வந்தது. ஒரு ஆணி அளவு இடத்துக்கு அவ்வளவு போராட்டம்.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் டிவியும் தயாராகிறது. அங்கே 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மைக் கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. அதாவது, நாங்கள் இங்கே இருக்கிறோம், எங்களைப் பாருங்கள் என்பது. அந்தச் சங்கத்தைப் பதிவு செய்யவே 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிவியின் வயரையும் பெட்டியையும் சுவருக்குள் மறைக்கும் ரசனை, அதைச் செய்த கைகளையும் சேர்த்து மறைத்துவிடக் கூடாது.

கல்லூரி போய்ப் படித்து வரும் நம் தம்பி தங்கைகளில் சிலருக்கு வீட்டுச் சுவர் கூச்சமாகிவிடுகிறது. விடுதி நண்பர்கள் வருகிறார்கள் என்றதும் பழைய காலண்டரும் தாத்தா படமும் பரணுக்குப் போகின்றன. ‘சுவர் வெறுமையாக இருந்தால்தான் அழகு’ என்று வீடியோக்கள் கற்றுக்கொடுக்கின்றன. நாங்களும் ஒருகாலத்தில் அப்படிக் கழற்றியவர்கள்தான்.

இந்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் அந்தப் படத்தை யார், எந்த வருடம் மாட்டினார்கள் என்று வீட்டில் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள், போட்டோ எடுங்கள். உங்கள் தெருவில் பத்து வீட்டுச் சுவர்களைக் கேட்டு எழுதினால் அந்தத் தெருவின் வரலாறு கிடைத்துவிடும். அதை நமக்காக வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஜெய்பீம்.