நாவுக்குத் தெரியாத நஞ்சு

“குடித்துச் செத்தவர்களுக்கு எதற்கு இழப்பீடு?” 2011 டிசம்பரில் கொல்கத்தாவுக்குத் தெற்கே சங்ராம்பூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 170 பேர் கள்ளச்சாராயத்துக்குப் பலியானபோது இக்கேள்வி எழுந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் அதே கேள்வி தமிழில் எழுந்தது. ஏழைக்குப் போதை மட்டுமே தேவை, சுவையும் தரமும் அவனுக்கு ஒரு பொருட்டல்ல, எனவே அச்சாவு அவனே தேடிக்கொண்டது என்னும் முற்கோள் இக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அம்முற்கோள் பொய். அதைப் பொய்யென நிறுவும் சான்று படித்த நடுத்தர வர்க்கத்தின் கண்ணாடிக் கோப்பையிலேயே இருக்கிறது.

தென் கொல்கத்தாவின் டாக்குரியாவுக்கு ஒருபுறம் ரவீந்திர சரோவர் ஏரி, மறுபுறம் யாதவ்பூர் பல்கலைக்கழகம். ஆசிரியர்களும் மருத்துவர்களும் அலுவலர்களும் வாழும் இத்தகைய நகர்ப்பகுதிகளில் அமெரிக்க போர்பன் விஸ்கிகளை வரிசையாக வைத்து, சிறிது சிறிதாக ஊற்றி, ஒப்பிட்டுச் சுவைப்பது இன்று ஒரு நாகரிகம். 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு போர்பனுக்கான இறக்குமதித் தீர்வையை 150 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடாகக் குறைத்தது அந்நாகரிகத்துக்கு மேலும் ஊக்கமளித்தது.

இந்த இன்பத்தை எள்ளி நகையாடத் தேவையில்லை. சுவைப்போர் கூறும் வேறுபாடுகள் கற்பனையல்ல. மக்காச்சோளத்தோடு கோதுமை சேரும் மேக்கர்ஸ் மார்க் மென்மையாக இறங்குகிறது. ‘ரை’ தானியம் மிகுந்த போர்பன்களில் மிளகின் காரம் தெரிகிறது. உட்புறம் கரியாக்கப்பட்ட ஓக் பீப்பாய் வனிலாவையும் காய்ச்சிய சர்க்கரைப்பாகையும் நினைவூட்டும் மணத்தைத் தருகிறது. ஃபோர் ரோசஸ் ஆலை இரண்டு தானியக் கலவைகளையும் ஐந்து நொதி வகைகளையும் கொண்டு பத்து வேறுபட்ட வடிமதுக்களை ஆக்குகிறது. பயின்ற நா அவற்றைப் பிரித்தறியக்கூடும்.

இங்கே பூர்தியூவைத் துணைக்கழைத்து, ‘ரசனை என்பது வர்க்க வேறுபாட்டின் கருவி’ என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடுவது ஆய்வுலகின் வழக்கம். அக்கூற்றில் உண்மை உண்டெனினும் அது பாதி உண்மையே. அந்த ரசனை எந்தப் பாதுகாப்பின் மீது நிற்கிறது என்னும் கேள்வியை அது கேட்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்பன் பெரும்பாலும் பீப்பாய்க் கணக்கில் விற்கப்பட்டது. இடைத்தரகர்கள் மலிவான எரிசாராயத்தில் நிறமூட்டிகளையும் புகையிலைச் சாற்றையும்கூடக் கலந்து ‘பழைய விஸ்கி’ என விற்றனர். 1870இல் ஓல்டு ஃபாரஸ்டர் முத்திரையிட்ட புட்டிகளில் வெளிவரத் தொடங்கியது இதற்கு எதிரான ஒரு வணிக விடை. 1897இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசின் விடை: ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, அரசு மேற்பார்வையிலுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டுகள் முதிர்ந்த மதுவுக்கு அரசே சான்று வழங்கியது. 1906இல் உணவு மற்றும் மருந்துத் தூய்மைச் சட்டம் வந்தது. 1909இல் ‘விஸ்கி என்பது யாது’ என்னும் வழக்கில் குடியரசுத் தலைவர் டாஃப்டே தீர்ப்புரைக்க நேர்ந்தது. இன்று 51 விழுக்காடாவது மக்காச்சோளம், புதிய ஓக் பீப்பாய், நிறமோ சுவையூட்டியோ சேர்க்காமை ஆகிய விதிகளுக்கு உட்படாத எதுவும் அங்கே போர்பன் என்னும் பெயரைத் தாங்க இயலாது. இச்சட்டங்களுக்குப் பின்னே ஆலை முதலாளிகளின் நலனும் இருந்தது. ஆயினும் புட்டிக்குள் இருப்பது இன்னதென்று அறியும் உரிமை குடிப்பவனுக்குக் கிடைத்தது.

அவ்வுரிமை இல்லாத இடத்தில் எவ்வளவு நுண்ணிய நாவும் பயனற்றது. மெத்தனாலை எத்தனாலிலிருந்து நா பிரித்தறியாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே மணமும் எரிவும் கொண்டவை. உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும். நான்காண்டு போர்பனையும் எட்டாண்டு போர்பனையும் கண்ணை மூடிக்கொண்டு வேறுபடுத்தும் வல்லுநரும் சங்ராம்பூரில் அன்று குடித்திருந்தால் மாண்டிருப்பார். அவரை உயிரோடு வைத்திருப்பது அவரது ரசனையன்று, புட்டியின் மேலுள்ள சீட்டு.

டாக்குரியா ரயில் நிலையத்தைக் கடக்கும் டயமண்ட் ஹார்பர் உள்ளூர் வண்டி சங்ராம்பூரிலும் நிற்கிறது. சியால்டா தெற்குப் பாதையின் இவ்வண்டிகளில்தான் நாள்தோறும் விடியலில் வீட்டுவேலை செய்யும் பெண்களும் கட்டடத் தொழிலாளரும் காய்கறி விற்போரும் நகருக்குள் வருகின்றனர். 2011இல் இறந்தவர்களும் கூலித் தொழிலாளர், ரிக்‌ஷா ஓட்டுநர், தெரு வணிகர் ஆகியோரே. வங்காளத்தில் ‘சோலாய்’ எனப்படும் அந்தக் கள்ளச்சாராயத்துக்குச் சீட்டு இல்லை, வடித்தவன் பெயரில்லை, நாளில்லை. ஒரே இருப்புப்பாதையின் ஒரு முனையில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, மறு முனையில் இல்லை.

சட்டபூர்வ மதுவிலும் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. இந்தியாவில் விஸ்கி என்னும் பெயரில் விற்பதன் பெரும்பகுதிக்கு அடிப்படை சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து வடித்த சாராயம். தானியத்திலிருந்து வடிக்கப்படாததை ஐரோப்பிய ஒன்றியம் விஸ்கி என ஏற்பதில்லை. இங்கோ அரசே விற்பனையாளராக இருக்கும் தமிழ்நாட்டில்கூட, வாங்குபவர் அதைப்பற்றிக் கேட்பதுமில்லை, எவரும் சொல்வதுமில்லை. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு என மதுவுக்குப் பல சொற்களைக் கொண்டிருந்த சங்கத் தமிழின் வாரிசுகள் இன்று ‘சரக்கு’ என்றும் ‘குவாட்டர்’ என்றும் சொல்கின்றனர். ஒன்று வெறும் பண்டம். மற்றொன்று வெறும் அளவு. பனையும் தென்னையும் தந்த கள் 1987 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஒப்பிடுவதற்கு ஏதுமில்லாதபடி செய்துவிட்டு, ஒப்பிடத் தெரியாதவன் என்று ஏழையைப் பழிப்பது எவ்வகை நீதி?

முழு மதுவிலக்கே தீர்வு என்போர் பீகாரைப் பார்க்கட்டும். 2016 முதல் அங்கே மதுவிலக்கு நடப்பில் உள்ளது. 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் பலர் கள்ளச்சாராயத்தால் மாண்டனர். அதே ஆண்டு ஜூலையில், நெடுங்கால மதுவிலக்கு நிலவும் குஜராத்தின் போடாதிலும் அதுவே நிகழ்ந்தது. மதுவிலக்கு மதுவை ஒழிக்கவில்லை, அதன் மேலிருந்த சீட்டைத்தான் ஒழித்தது. மது கேடு விளைவிப்பதே. சான்று பெற்ற போர்பனும் ஈரலைக் கெடுக்கும். ஆனால் பல்லாண்டுக் குடியால் வரும் நோயையும் ஓரிரவில் வரும் குருட்டையும் சாவையும் ‘குடி’ என்னும் ஒற்றைச் சொல்லால் மூடுவது அறமாகாது.

தொழிற்சாலை மெத்தனால் எங்கே உற்பத்தியாகி எவர் கைக்குப் போகிறது என்பதற்கு ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வேண்டும். மிக மலிவான புட்டியிலும் மூலப்பொருள், வடித்த இடம், நாள் ஆகியவை தாய்மொழியில் அச்சாக வேண்டும். கள்ளின் மீதான தடை நீங்க வேண்டும். உணவுப் பண்பாடு பற்றி ஆய்வு செய்வோர் சுவையின் அழகியலை எழுதும்போது, அச்சுவையைக் காக்கும் சட்டம் யாருக்கு எட்டவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

அடுத்த கள்ளச்சாராயச் சாவின்போதும் “எதற்கு இழப்பீடு?” என்னும் கேள்வி எழும். குடிமகனின் கோப்பையில் இருப்பது இன்னதென்று உறுதிசெய்யும் கடமையில் அரசு தவறியதற்கே அவ்விழப்பீடு என்பதுதான் அதற்குரிய விடை.